சில்லறை

நொடிக்கு இரண்டேமுக்கால் கோடி கோடி அதிர்வு,
அதற்கு மேல் சில்லறை.
இரண்டேமுக்கால் கோடி கோடியில் யாருக்கும் தகராறு இல்லை.
எங்கள் மூன்று வருஷமும் சில்லறையில் போனது,
நோட்டுக் கட்டுகளை எண்ணி வைத்துவிட்டு
ஒற்றை ரூபாய்க்குக் கல்லாவைக் கவிழ்த்துப் பார்க்கிற
ரதவீதிக் கடைக்காரர் மாதிரி.

நவ்வலடிக் கரையில் கருமணலின் பொடிக்குள்ளும்
இதே ஹீலியம் அடைந்து கிடக்கிறது.
எங்களுடையது சிலிண்டரில் வந்தது, ரசீதோடு.
இரண்டே எலக்ட்ரான்.
கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டால்
எங்களிடம் உள்ள எந்த லேசருக்கும் எழுந்திருக்காது.
மின்சாரத்தால் அடித்து ஒரு படி ஏற்ற வேண்டும்.
குழாய் அப்போது வெந்த இறால் நிறத்தில் எரியும்.
ஏறியது லேசில் இறங்காது.
யாரும் தொடாவிட்டால், சராசரிக்கு,
இரண்டு மணி பதினொரு நிமிஷம் அப்படியே நிற்கும்:
ஜங்ஷனில் பஸ் ஏறி
கன்னியாகுமரியில் கடல் பார்க்கிற நேரம்.
எங்கள் குழாயில் அதற்கு அவ்வளவு கொடுப்பினை இல்லை.
இமைப்பதற்குள் எதிர்ச்சுவரில் முட்டி அணையும்.
அதற்குள் கேட்டுவிட வேண்டும்,
உன் படிகளுக்கு நடுவே எவ்வளவு உயரம் என்று.

சித்திரையில் அபிஷேகப்பட்டிப் பக்கம்
பகலில் ஏசி தாங்காது. இரவில்தான் அளப்போம்.
ஜெபக்கனி கண்ணாடிகளைத் திருப்புவாள், அரை மயிரிழை,
நான் எண்களைப் பார்த்திருப்பேன்.
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்
விடியற்காலை மூன்றரைக்கு
கோடு ஏழு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும்.
நாற்பது நிமிஷம்.
பிறகு திரும்பி வரும், ஒன்றும் நடக்காத முகத்தோடு.

லேசரைச் சந்தேகப்பட்டோம். பம்பை. அழுத்தத்தை.
ஒருவரையொருவர், வாய்விட்டுச் சொல்லாமல்.
செவ்வாய் வெள்ளி என்று கேட்டதும்
வாட்ச்மேன் சுடலைமாடன் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்.
வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கும் துணிச்சல் இல்லை.
பழம் வாசலில் காய்ந்தது.
கோடு நகர்ந்தது.

ஒரு வெள்ளி, ஜெபக்கனி எழுந்து பின்கதவைத் திறந்தாள்.
சுவரை ஒட்டித் தண்ணீர் லாரி.
ஹாஸ்டல் தொட்டிக்கு ஹோஸ் போட்டுவிட்டு
பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.
டன் கணக்கில் இரும்பு.
பூமியின் காந்தம் அதைச் சுற்றி வளைந்து
எங்கள் குழாய்க்குள் நூலளவு சாய்ந்திருக்கிறது.

"அண்ணாச்சி, லாரியக் கொஞ்சம் முன்னால எடுங்க."
எடுத்தார். கோடு ஐந்துக்கு வந்தது.
"இன்னும்." மூன்று.
"இப்பம் பின்னால." ஏழு.
ஹோஸ் எட்டாமல் பாதித் தண்ணீர் மண்ணில் போனது.
அன்று மூன்றாம் மாடியில் குளிக்காதவர்கள்
எங்களைத் திட்டியது நியாயம்.

பீடியைக் காதில் செருகிக்கொண்டு
உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.
"எம் வண்டியா இது?"
"ஆமா."
"எவ்வளவு தள்ளிருக்கு?"
"ஏழாயிரம்."
"எத்தனையில?"
சொன்னோம்.
சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.
"இதுக்கா ராவு முழுக்க முழிச்சிருக்கிய?"
பிறகு திரையிடமே கேட்டார்:
"லோடு எறங்குனப்புறம் கொறையணும்லா, ஏன் கொறையல?"
எங்கள் பேராசிரியர்கூட அதைக் கேட்டதில்லை.
"அதுக்கு இரும்புதான் தெரியும் அண்ணாச்சி. தண்ணி தெரியாது."
"சரிதான். தண்ணி அரும தெரியாத பய."

கட்டுரை போன வருஷம் வந்தது.
பிழைப் பட்டியலில் ஒன்பதாவது வரி:
வெளிக் காந்தப்புலம், 0.3.
அதில் லாரி இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை.
இரவுக் குறிப்பேட்டில் மட்டும் ஜெபக்கனி கையெழுத்து:
4.12 லாரி போயாச்சு.

வேறொரு நாட்டில் அளந்த எண்ணும் எங்கள் எண்ணும்
இன்னும் ஒத்துப்போகவில்லை.
சில்லறை இடிக்கிறது.
அவர்கள் சுவருக்குப் பின்னால்
என்ன நிற்கிறதோ.